நீஞ்சத் தெரியாத காவல்தெய்வம்

தனக்கொடியின் மகள் அம்சவள்ளி ஏரியில் மூழ்கிச் செத்த கார்த்திகை மாதத்தில் ஊருக்கு மொத்தமாக ஞானம் பிறந்தது. அதுவரை வரப்புத் தகராறிலும் மாட்டுத் தகராறிலும் ஒருவர் வம்சத்தை ஒருவர் இழுத்துத் திட்டிக்கொண்டிருந்த சனங்கள், துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் கால் கழுவும்போதே சாமியார்களாகிவிட்டார்கள்.

"பதினாலு வருசம்னு எழுதி அனுப்பிச்சிக்கிறான். நாம இன்னா பண்ண முடியும்?" என்றார் ஒருவர், எழுதும்போது பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்தவர் போல.

"நல்ல உசுரு. அதான் சாமி சீக்கிரமா கூப்டுக்கினாரு," என்றாள் பங்காளி வீட்டு மணியம்மாள்.

அறுபத்தெட்டு வயசாகியும் கூப்பிடப்படாத மணியம்மாளின் உயிர் எந்த லட்சணம் என்று கேட்கத் தனக்கொடிக்கு நாக்கு வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மணியம்மாள் இன்னொரு ஆறுதலும் கொண்டுவந்தாள். "உலகநாதனுக்கு நாப்பத்திரண்டுதான் ஆவுது. மனசு வெச்சா இன்னொண்ணு கட்டிக்கலாம். வூட்டுல ஒரு புள்ள வெளயாடுனா துக்கம் தானா ஆறிப்பூடும்." இதைத் தனக்கொடியின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவளுக்கு விசிறிக்கொண்டே சொன்னாள். அவ்வளவு பிரியம்.

தனக்கொடியின் புருஷன் உலகநாதன் எழுந்து மாட்டைப் பார்க்கப் போனான். ஒரே மகள் போனதிலிருந்து அவன் பேச்சு முழுக்க மாடுகளோடுதான். அவை விதியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

நடந்தது இதுதான். பாகூர் பக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டின சின்ன ஊர் அவர்களுடையது. அந்த வருஷம் ஐப்பசி மழையில் ஏரி தளும்பிக் கிடந்தது. எட்டுப் பெண்பிள்ளைகள் அல்லிப்பூ பறிக்கப் போனார்கள். மதகுக்குப் பக்கத்தில் ஆழம் என்பது எல்லோருக்கும் தெரியும். அது எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது. அம்சவள்ளி ஒரு எட்டு கூடுதலாக வைத்துவிட்டாள். மற்ற ஏழு பேரும் கரையில் நின்று கத்தினார்கள். ஒருத்திக்கும் நீச்சல் தெரியாது. அந்த ஊரில் ஐந்து வயசானால் பையன் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிடுவார்கள். பெண்ணுக்கு அதே வயசில் இடுப்பில் குடத்தை வைப்பார்கள். தண்ணீரைச் சுமக்கத் தெரிந்தால் போதும், அதில் மிதக்கத் தெரிய வேண்டியதில்லை என்பது பெரியவர்கள் கூடி எடுத்த முடிவு.

அன்றைக்குக் கரைமேல் ஊர் நாட்டாமை சுப்பராயலு இருந்தார். வாலிபத்தில் ஏரியைக் குறுக்காக நீந்தியவர் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் பாகூரில் பிரெஞ்சு சர்க்கார் நடத்துகிற மேர் கச்சேரிக்குப் போவதற்காகச் சலவை வேட்டி கட்டியிருந்தார். "குதிங்கடா! யாராச்சும் குதிங்கடா!" என்று ஆம்பளைகள் யாரும் இல்லாத கரையைப் பார்த்து உத்தரவு போட்டார். உத்தரவில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அக்கரையில் தாமரை இலை பறித்துக்கொண்டிருந்த சேரிக்காரி காசம்மாள்தான் கத்தல் கேட்டு நீந்தி வந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூன்று முறை முங்கி, நாலாவது முறை பிள்ளையை எடுத்தாள். தோளில் போட்டுக்கொண்டு கரையேறி, கழனியிலிருந்து ஓடிவந்த உலகநாதன் கையில் கொடுத்தாள்.

தை பிறந்ததும் சுப்பராயலு ஒரு யோசனையோடு வீடு தேடி வந்தார். கன்னியாகச் செத்த பெண்ணைக் குடும்பத்துச் சாமியாக்கிக் கும்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். பூவாடைக்காரி என்பார்கள். பூ ஜோடித்த குடத்தில் தண்ணீர் முகந்து, செத்தவளை அதில் கூப்பிட்டு வீட்டுக்கு அழைத்துவந்து, புதுத்துணி வைத்துப் படைப்பார்கள். சுப்பராயலுவின் யோசனை அதைவிடப் பெரியது.

"ஊருக்கே பொதுவா வெச்சிடலாம் உலகநாதா. தண்ணியில போன பொண்ணு. இனிமே ஏரிக்கு அவதான் காவல். கரையில ஒரு கல்லு நட்டுட்டம்னா, எந்தப் புள்ளையும் முழுவாம அவ பாத்துக்குவா."

உள்ளே இருட்டிலிருந்து தனக்கொடியின் குரல் வந்தது. இரண்டு மாதத்தில் அவள் பேசிய முதல் முழுப் பேச்சு அதுதான்.

"நீஞ்சத் தெரியாத புள்ள ஏரிய எப்படிங்க காவல் காப்பா?"

சுப்பராயலு மீசையைத் தடவினார். "துக்கத்துல பேசறா," என்று உலகநாதனுக்கு விளக்கம் சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

கல் நட்டார்கள். மஞ்சள் பூசி, பூச்சுற்றி, பம்பை அடித்தார்கள். பூசாரி மாரிமுத்துவின் மேல் அம்சவள்ளி இறங்கினாள். ஐம்பது வயசு, காது வரைக்கும் மீசை, வெற்றிலைக் கறை ஏறிய பல். அந்த உடம்புக்குள் பதினாலு வயசுப் பெண் எப்படியோ நெருக்கிக்கொண்டு புகுந்து ஆடினாள்.

"அம்மா... என்னெ மறந்துட்டியே அம்மா... எனக்குக் கெடா வெட்டணும்... கறி சமைச்சுப் படைக்கணும்..."

கறி கொதிக்கிற நாளில் மூக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடுகிறவள் அம்சவள்ளி. சாமியானதும் நாக்கு மாறிவிட்டது போலிருக்கிறது. தனக்கொடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"ஏரி நெறஞ்ச அன்னிக்கு எங்கிட்ட ஒண்ணு கேட்டியேடி. இன்னா கேட்ட?"

பம்பை நின்றது. மாரிமுத்து இப்படியும் அப்படியும் ஆடி நேரம் கடத்தினார். பதினாலு வயசுப் பெண் அம்மாவிடம் வேறென்ன கேட்டிருப்பாள் என்று அவருக்குள் இறங்கியிருந்தவள் யோசித்தாள்.

"பட்டுப் பாவாட கேட்டேன்மா... நீதான் தரல..."

தனக்கொடி சிரித்தாள். அடக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்டச் சிரித்தாள். பெண்கள் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள். அவளுக்குப் பேய் பிடித்துவிட்டது என்றார்கள். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், பூசாரிக்குச் சாமியையும் அவளுக்குப் பேயையும் ஊர் நியாயமாகப் பங்கு பிரித்துக் கொடுத்தது.

மறுநாள் காலையில் தனக்கொடி ஏரியைச் சுற்றிக்கொண்டு அக்கரைக்குப் போனாள். காசம்மாள் இலைக்கட்டோடு கரையேறிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு நீச்சக் கத்துக்குடு காசம்மா."

காசம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "சாவறதுக்கு நீச்சல் வேணாமேம்மா. தெரியாம இருந்தாத்தான் சுளுவு."

"சாவறதுக்கு இல்ல." தனக்கொடி ஈரமண்ணில் உட்கார்ந்தாள். "எம்பொண்ணு கேட்டது பட்டுப் பாவாட இல்ல. 'பசங்கள்லாம் நீஞ்சறானுங்க, நானும் கத்துக்கட்டுமாம்மா'ன்னு கேட்டா. பொட்டப்புள்ளைக்கு நீச்சல் இன்னாத்துக்குடி, போய் நெல்லக் காய வையின்னேன். நெல்லு நல்லா காஞ்சிது."

காசம்மாள் இலைக்கட்டை இறக்கி வைத்தாள். பிறகு சொன்னாள்: "உங்க ஊரு ஆளுங்களுக்குத் தெரிஞ்சா உங்கள ஒண்ணும் பண்ண மாட்டாங்கம்மா. எங்குடிசையத்தான் கொளுத்துவாங்க."

இது தனக்கொடிக்குத் தோன்றவேயில்லை. துக்கத்திலும் தன் வீட்டுக் கூரை ஓட்டுக்கூரை என்கிற தைரியம் இருந்திருக்கிறது. வெட்கமாகப் போய்விட்டது. திரும்பிப் போனாள். ஆனால் மறுநாளும் வந்தாள். எதுவும் கேட்காமல் உட்கார்ந்து இலைகளை அடுக்கிக் கட்டிக் கொடுத்தாள். மோசமாகக் கட்டினாள், காசம்மாள் எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் காசம்மாள் இரண்டு சுரைக்குடுக்கைகளைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டாள்.

"நாலாவது முங்குலதான் கையில கெடச்சா. மொத முங்குலயே கெடச்சிருந்தான்னு நெனச்சி நெனச்சி எனக்கும் தூக்கமில்லம்மா," என்றாள். "கரையில ஏழு புள்ளைங்க நின்னுதுங்க. ஏழுல ஒண்ணுக்குத் தெரிஞ்சிருந்தாப் போதும். சேலய வரிஞ்சி கட்டு. எறங்கு."

முப்பத்தெட்டு வயசில் நீச்சல் கற்றுக்கொள்வது எப்படிப்பட்ட அழகான காட்சி என்பதற்கு ஏரியின் கொக்குகள்தான் சாட்சி. முதல் நாள் தனக்கொடி முழங்கால் ஆழத்தில் மூழ்கப் பார்த்தாள். இரண்டாம் நாள் காசம்மாளின் கழுத்தைப் பிடித்து அவளையும் சேர்த்து மூழ்கடிக்கப் பார்த்தாள்.

"கால ஒதைம்மா! தண்ணியில கோலம் போடாத!"

"ஒதைக்கிறன்டீ!"

"எருமகூட உன்னவிட நல்லா ஒதைக்கும்!"

மாமியார் செத்தபிறகு தனக்கொடியை யாரும் இப்படி அதட்டியதில்லை. மாமியார் அதட்டிக் கற்றுக்கொடுத்தது எதுவும் மிதக்க உதவவில்லை. தன் தாடையைத் தாங்கிப் பிடித்திருந்த உள்ளங்கை தன்னைத் தொடக்கூடாத கை என்பது எட்டாம் நாள்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அதற்குள் அந்தக் கையை நம்பி அரை ஏரி குடித்திருந்தாள்.

ஈரத்தலையோடு கொல்லை வழியாக வீட்டுக்குள் நுழைந்தவளை உலகநாதன் ஒருநாள் பார்த்தான். தலையைப் பார்த்தான், முழங்கையில் ஒட்டியிருந்த பாசியைப் பார்த்தான், மாட்டுக்குத் தவிடு கலக்கப் போய்விட்டான். மறுநாளிலிருந்து கொல்லைக் கொடியில் ஒரு உலர்ந்த துண்டு தொங்கியது.

மாசிப் பாதியில் அவள் குடுக்கையில்லாமல் நீந்தினாள். அந்த வாரமே சேதி ஊருக்குத் தெரிந்தது. ஊர் அதிர்ந்தது. பிள்ளை செத்தபோது 'நாம இன்னா பண்ண முடியும்' என்று கையை விரித்த அதே ஊர், இப்போது உடனடியாக ஏதாவது பண்ணியாக வேண்டும் என்று கோயில் வாசலில் கூடியது.

"பொண்ணு செத்து நாலு மாசம் ஆவல. தண்ணியில கும்மாளம் போடறா," என்று ஆரம்பித்து வைத்தாள் மணியம்மாள்.

சுப்பராயலு தொண்டையைக் கனைத்தார். "அது ஒருபக்கம் கெடக்கட்டும். சேரிக்காரி தொட்டுத் தூக்கிக் கத்துக்குடுத்துக்கிறா. நம்ம வூட்டுப் பொம்பள தீட்டாயிட்டா. நாளைக்கு நம்ம வூட்டுப் புள்ளைங்களும் கேக்கும். ஆவறதில்ல. காசம்மா இனிமே ஏரியில காலு வெக்கக் கூடாது."

தூரத்தில் தனியாக நிறுத்தப்பட்டிருந்த காசம்மாளின் முகம் மாறவில்லை. தாமரை இலை இல்லையென்றால் அவள் வீட்டில் அடுப்பு இல்லை. அது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

தனக்கொடி எழுந்தாள். அந்த இடத்தில் பெண்கள் எழுந்து பேசுவதில்லை. பிள்ளை செத்த தாய் என்பதால் யாரும் உட்காரச் சொல்லவில்லை. அந்த ஒரு சலுகையை அவள் முழுசாகப் பயன்படுத்திக்கொண்டாள்.

"அவ என்னெத் தொட்டாத் தீட்டுன்னீங்க. சரி. அன்னிக்கு எம்பொண்ணத் தோள்ல தூக்கினு வந்தாளே, அப்ப ஏன் யாரும் வாயத் தொறக்கல? பொணத்தத் தொட்டா தீட்டு இல்ல, உசுரோட இருக்கறவளத் தொட்டாத்தான் தீட்டுங்களா?"

"அது ஆபத்து நேரம்," என்றார் சுப்பராயலு. "ஆபத்துக்குப் பாவமில்ல."

"அந்த ஆபத்து நேரத்துல நீங்களும் கரையிலதான இருந்தீங்க. வேட்டி நனைஞ்சாப்புல தெரியலையே?"

யாரோ இருமினார்கள். சுப்பராயலுவின் முகம் கறுத்தது. "பொம்பளகிட்டப் பேச்சு வளத்த வேணாம். தீர்ப்பு தீர்ப்புதான்."

அப்போதுதான் உலகநாதன் எழுந்தான். மாடுகளைத் தவிர யாரோடும் பேசாதவன் எழுந்ததும் கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"அவ கையிலேருந்து எம்பொண்ண வாங்குனது இந்தக் கைதான்," என்றான். இரண்டு கையையும் நீட்டிக் காட்டினான். "அவளத் தள்ளி வெக்கிறதுன்னா மொதல்ல என்னெத் தள்ளி வைங்க. நான் ஒண்ணும் சொல்லல. ஒரே ஒரு சங்கடந்தான். உங்க கரும்புக்குப் போற தண்ணி எங்கழனி வழியாத்தான் போவுது நாட்டாமை. தள்ளி வெச்சவன் கழனில ஓடுன தண்ணிய எடுத்துப் பாய்ச்சுனா உங்க கரும்பும் தீட்டாயிடுமே. அதுக்குத்தான் பாக்கறேன். வாய்க்கால மூடிடட்டுமா?"

தீட்டு என்பது எவ்வளவு நுட்பமான விஷயம், அவசரப்பட்டு முடிவுசெய்யக் கூடாது என்பது சுப்பராயலுவுக்கு அந்தக் கணத்தில் விளங்கியது. அவருடைய நாலு காணிக் கரும்பு அப்போது இடுப்பளவு வளர்ந்திருந்தது. "அடுத்த அமாவாசைக்குக் கூடிப் பேசிக்கலாம்," என்று எழுந்தார். அந்த அமாவாசை அவர் காலம் முடியும்வரை வரவில்லை.

ஆனாலும் மானம் பொறுக்காமல் மேர் கச்சேரியில் மனு கொடுத்துப் பார்த்தார். அங்கே மூக்குக்கண்ணாடி போட்ட எழுத்தர் மனுவை இரண்டுமுறை படித்துவிட்டு, பொம்பளை நீஞ்சக் கூடாது என்று பிரெஞ்சுச் சட்டத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டினால் உடனே அனுப்புவதாகச் சொன்னார். "பிரான்சுல பொம்பளைங்க பந்தயமே நீஞ்சறாங்களாம் நாட்டாமை," என்று கூடுதல் தகவலும் கொடுத்தார். சர்க்காரே கெட்டுக் கிடக்கிறது என்று சுப்பராயலு வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார்.

பங்குனி முதல் வாரத்தில், விடிந்தும் விடியாத நேரத்தில், சுப்பராயலுவின் மருமகள் ஆதிலட்சுமி தன் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அக்கரைக்கு வந்தாள். பெண்ணின் பெயர் ஆண்டாள். பதிமூன்று வயசு. அன்றைக்குக் கரையில் நின்று கத்திய ஏழு பேரில் ஒருத்தி. அதற்குப்பிறகு ஏரிப்பக்கமே வந்ததில்லை. கொல்லையில் அண்டாவில் தண்ணீர் நிறைத்தாலும் எட்ட நின்றாள்.

"மாமாவுக்குத் தெரிய வேணாங்க்கா," என்றாள் ஆதிலட்சுமி.

சுப்பராயலுவுக்குத் தெரியாமல் இருக்க ஊர் முழுக்கப் பாடுபட்டது. தெரிந்துகொள்ளாமல் இருக்க அவர் அதைவிட அதிகமாகப் பாடுபட்டார். காலையில் ஏரிக்கரைமேல் போவதையே விட்டுவிட்டு, ஒன்றரை மைல் சுற்றிக்கொண்டு கழனிக்குப் போனார்.

ஆண்டாள் கணுக்கால் தண்ணீரில் நின்று வெடவெடவென்று நடுங்கினாள். தனக்கொடி அவள் முன்னால் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள்.

"பெரிம்மா," என்றாள் ஆண்டாள். "நான் கைய நீட்டினேன் பெரிம்மா. அவளும் நீட்டினா. எட்டல."

மகள் கை நீட்டினாள் என்பது அதுவரை தனக்கொடிக்குத் தெரியாது. இந்த இடத்தில் சொல்வதற்கென்று ஊர் ஏற்கெனவே அவளுக்கு ஒரு மூட்டை வாக்கியங்களைக் கொடுத்திருந்தது. விதி, எழுத்து, நல்ல உசுரு. ஒன்றையும் எடுக்கவில்லை. நடந்து வந்து பிள்ளையின் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, இருவரும் அழுது முடிகிறவரைக்கும் அப்படியே நின்றாள்.

"நீட்டினியே. அது போதும்," என்றாள் கடைசியில். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப கால ஒதை."

பங்குனி முடிவதற்குள் ஏழு பேரில் ஐந்து பேர் வந்துவிட்டார்கள். அவர்களோடு ஒட்டிக்கொண்டு பொடிசுகள் நாலைந்து. ஒரு நாள் சேரியிலிருந்து காசம்மாளின் தங்கை பெண்களும் இறங்கினார்கள். இந்தப்பக்கப் பிள்ளைகள் இந்தப்பக்கமும் அந்தப்பக்கப் பிள்ளைகள் அந்தப்பக்கமும் கொஞ்சநேரம் மரியாதையாக நீந்தின. பிறகு ஒரு குடுக்கைக்குச் சண்டை வந்தது. சண்டையில் எல்லாம் கலந்துவிட்டது. ஊரில் சுரைக்காய்க் குழம்பு கொதிப்பது நின்றுபோனது. காய்களெல்லாம் கொடியிலேயே முற்றி, குடுக்கையாவதற்குக் காத்திருந்தன. ஆம்பளைகள் சாப்பாட்டில் குறை சொன்னார்கள். ஏன் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

இதனால் தனக்கொடியின் துக்கம் தீர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அவர்களும் மணியம்மாள் வகைதான். சில நாட்கள் அவள் பாயை விட்டு எழவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் கொல்லைப்புறம் வரிசையாக ஈரப்பாவாடைகள் வந்து நின்று, "பெரிம்மா, காசம்மா அக்கா திட்றாங்க, வா," என்று கத்தும். துக்கத்தைக் காட்டிலும் அந்தக் கத்தல் பெரிசு. எழுந்துதான் ஆக வேண்டும்.

சித்திரையில் தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்த ஒரு காலையில், பிள்ளைகள் வீட்டுக்குப் போனபிறகு, தனக்கொடி தனக்காக மட்டும் நீந்தினாள். நடு ஏரி வரைக்கும் போனாள். மல்லாந்து படுத்து மிதந்தாள். வெயில் இதமாக இருந்தது. உடம்பு லேசாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான், தான் சந்தோஷமாக இருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. திருடிவிட்டுப் பிடிபட்டவள் போலத் திடுக்கிட்டாள். அடுத்து நெஞ்சை அடைத்துக்கொண்டு அழுகை வரும் என்று காத்திருந்தாள். வந்தது அழுகை இல்லை, பசி. ஐந்து மாதமாகக் காணாமல்போயிருந்த, வயிற்றைச் சுருட்டி இழுக்கிற நல்ல பசி.

வேகமாக நீந்திக் கரையேறினாள். காசம்மாள் கலயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேழ்வரகுக் கூழ். தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடு.

"எனக்கும் ஊத்து காசம்மா."

காசம்மாள் கலயத்தை முந்தானையால் மூடினாள். "வேணாம்மா. நீச்சலுக்கே ஒரு பஞ்சாயத்து பாத்தாச்சி. கூழுக்கு வேற கூட்டுவாங்க."

"கூட்டட்டும். பாவம், அவங்களுக்கும் பொழுது போவணும்ல."

காசம்மாள் கரையை ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள். ஒரு தாமரை இலையைக் குழித்துத் தனக்கொடியின் கையில் கொடுத்து, அதில் கூழை ஊற்றினாள். தனக்கொடி ஒரே மூச்சில் குடித்தாள். கருவாட்டைக் கடித்து, மென்று, முகத்தைச் சுளித்தாள்.

"உப்பு தூக்கலா கீதே."

"ஓசிக் கூழுக்கு நொட்ட சொல்ற வாயப் பாரு," என்றாள் காசம்மாள், இன்னொரு முறை ஊற்றிக்கொண்டே.